விழுங்காத வாய்

முதலில் அது குளிர்பெட்டியின் சத்தம் என்றுதான் அர்லெட் நினைத்தாள். பழைய பெட்டி, குளிர்காலம் வந்தால் அதற்கும் நெஞ்சுக்கட்டு வந்துவிடும். ஆனால் இது உறுமல் இல்லை. யாரோ வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு, மெல்லாமல், விழுங்காமல், மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற சத்தம். கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உறுமல் அடங்கியது. மூச்சு அடங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. காது கேட்காமல் போகிற வயதில் இல்லாததெல்லாம் கேட்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஒயரைத் திரும்பச் செருகினாள். ஆண்டின் கடைசி நாள். சாயங்காலம் விருந்து. அடுப்படி மேசையில் இரண்டு பெரிய வாத்து ஈரல்கள் வெளிர்மஞ்சளாகக் கிடந்தன. வெறும் சத்தத்துக்குப் பயந்துகொண்டு நிற்க அவளுக்கு நேரம் இல்லை.

ஈரல்கள் குளிர் விட்டுக் கைக்கு இணங்குகிற பதத்தில் இருந்தன. பெரிய மடலையும் சின்ன மடலையும் பிரித்து, கட்டைவிரல்களால் மெல்ல நெகிழ்த்தி, உள்ளே கிளை கிளையாக ஓடும் ரத்தக் குழாயின் முனையைத் தேடிப் பிடித்து, அறுந்துவிடாமல் இழுத்தாள். வெண்ணெயும் ஈர இரும்பும் சேர்ந்தது போன்ற அந்த மணம் எழுந்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தண்ணீரின் ஆவியோடு கலந்து, ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் போய் ஒட்டியது. கண்ணாடிக்கு அப்பால் மூடுபனி. அதில் வாத்துக் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. கொட்டகை காலி. கிறிஸ்துமஸ் சந்தைக்கு முன்பே கடைசிக் கூட்டம் வெட்டாகிவிட்டது.

போன் அடித்தது. கையெல்லாம் கொழுப்பு. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மகள் மைலிஸ்.

"அம்மா, துலூஸை விட்டுக் கெளம்பிட்டேன். ரோடே தெரியல, பனி அப்பிக் கெடக்கு. ஈரல் விழுது பண்ணியாச்சா?"

"இப்பதான்டி கை வெச்சிருக்கேன். நீ மெதுவா வா. ஒண்ணும் ஓடிப் போயிடாது."

"அப்பாவுக்குப் பண்ணுவியே, அந்த மாதிரி பண்ணு. அர்மன்யாக் பிராந்திய சொட்டு சொட்டா ஊத்தாதே."

"உங்கப்பா ஊத்தினா அதுக்குப் பேரு விழுது இல்ல, கஷாயம்."

மைலிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"அம்மா, ராத்திரி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளேன்."

"இல்ல. மொகத்தப் பாத்துதான் கேக்கணும்."

போன் அணைந்தது. அர்லெட் கையில் பிடித்திருந்த ரத்தக் குழாய் அறுந்து, பாதி ஈரலுக்குள்ளேயே போய்விட்டது. அவள் கைக்கு இப்படி நடப்பதே இல்லை. என்ன கேட்கப் போகிறாள் என்பது அர்லெட்டுக்குத் தெரியும். போன குளிர்காலத்திலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

இந்தப் பக்கத்தில் ஈரல் கொழுக்க வாத்துக்கு ஊட்டுகிறவர்களில் அர்லெட்டின் கைக்கு ஒரு பெயர் உண்டு. ஊட்டுவது என்றால் சோளத்தைப் புனலில் கொட்டிக் குழாயைத் தொண்டைக்குள் இறக்குவது மட்டும் இல்லை. அதற்கு முன்னால் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தின வேளைச் சோளம் இன்னும் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் அந்த வாத்தை அந்த வேளைக்கு விட்டுவிட வேண்டும். மேலே திணித்தால் மூச்சடைத்துச் சாகும். பிறகு இரண்டு விரலால் கழுத்தை மேலிருந்து கீழாக வருடிக்கொடுத்தால் தீனி தானாக இறங்கும். அர்லெட் இப்படி ஒரு வாத்தைக்கூடச் சாகக் கொடுத்ததில்லை. சந்தையில் அவள் கணவன் ஃபிர்மேன் இதைச் சொல்லியே வியாபாரம் பண்ணுவான். "என் பொண்டாட்டி கையால சாப்பிட்ட வாத்து, செத்த பெறகும் இன்னொரு வாய் கேக்கும்" என்று கத்துவான். கூட்டம் சிரிக்கும். அவளுக்குக் கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்த ஃபிர்மேன் போன வருஷ இலையுதிர் காலத்தில் கொட்டகையிலேயே விழுந்தான். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. மாடிக்குத் தூக்க முடியாமல், சாப்பாட்டு மேசையைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அவனுக்குச் சாப்பாட்டு அறையிலேயே கட்டில் போட்டார்கள். வந்துபோகிற நர்ஸ், வலது கன்னத்தில் அவனுக்கு உணர்ச்சி இல்லை, உணவு அங்கேயே தங்கும், ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கன்னத்தைப் பாருங்கள் என்றாள். அர்லெட் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கா சொல்றே? கழுத்தத் தொட்டே வயித்தச் சொல்றவ நானு" என்றாள். அன்றிலிருந்து பரங்கிக்காய் மசியலை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி, இரண்டு விரலால் அவன் கழுத்தை வருடுவாள். இறங்கும். வாத்துக்கு இறங்குகிற மாதிரியே இறங்கும். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புகூட வந்திருக்கிறது.

அந்தக் குளிர்காலத்திலேயே அவன் செத்தபோது, தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதான் எல்லோருக்கும் சொன்னாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், எழுந்திருக்கவில்லை. வயதான மருத்துவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மைலிஸ் அழுது முடித்து, "வயிறு நெறஞ்சுதான் போயிருக்கார், இல்லம்மா?" என்றாள். அர்லெட் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் மகளும் அவளும் இன்னும் ஒருத்தருக்கு ஒருத்தர் மிச்சம் இருந்தார்கள்.

ஈரலில் உப்பும் மிளகும் தூவி, அர்மன்யாக்கைத் தாராளமாகவே ஊற்றி, மண் சட்டியில் வைத்து, சட்டியைச் சுடுநீரில் இறக்கினாள். கொழுப்பு மஞ்சள் எண்ணெயாகக் கசிந்து மேலே மிதந்தது. அதை வடித்து வைத்துவிட்டு, வெந்த ஈரலை வெண்ணெயோடு மசித்துச் சல்லடையில் போட்டாள். கரண்டியின் முதுகால் தேய்க்கத் தேய்க்க, அடியில் விழுது புழுவாகப் புழுவாக இறங்கியது. அப்போது திரும்பவும் அந்த மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு ஈரச் சீறல், வெளியே விடும்போது ஒரு சின்னக் குழறல், அதன் பின்னால் நிறைந்த வாயின் மௌனம். அவள் கரண்டியை நிறுத்தினாள். மூச்சும் நின்றது. கரண்டி நகர்ந்தது. மூச்சும் வந்தது.

சல்லடையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் தொங்கிய விழுதில் ஓர் இடம் ஆரஞ்சாக இருந்தது. நகத்தளவு. விரலால் தொட்டாள். சூடாக இல்லை, குளிர்ந்தும் இல்லை, ஒருத்தர் வாய்க்குள் இருந்து வந்த வெதுவெதுப்பு. முகர்ந்தாள். அவித்த பரங்கி. லேசான புளிப்பு.

போன குளிர்காலத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் பரங்கிக்காய் வரவே இல்லை. தோட்டத்தில் தானாக முளைத்த கொடியைக்கூட அவள் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

மொத்தத்தையும் குப்பையில் கொட்டியிருக்கலாம். கொட்டத்தான் நினைத்தாள். ஆனால் மைலிஸ் வந்து விழுது எங்கே என்பாள், ஏன் கொட்டினாய் என்பாள், மொகத்தைப் பார்த்துக் கேட்பாள். அர்லெட் கரண்டியை எடுத்து அந்த ஆரஞ்சை விழுதோடு வேகமாகக் கலக்கினாள். நிறம் மறைகிற வரை கலக்கினாள். தான் செய்வது என்ன என்று கைக்குத் தெரிந்திருந்தது. இதையேதான் அது அன்றைக்கும் செய்தது. ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்து, தாடையைத் தூக்கி வாயை மூடி, போர்வையை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மருத்துவருக்குப் போன் செய்தாள்.

உப்பு பார்க்க வேண்டும். உப்பு பார்ப்பது எப்போதும் ஃபிர்மேனின் வேலை. கத்தி முனையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு சரி. மிளகு சரி. விழுங்கப் போனாள்.

இறங்கவில்லை.

தொண்டை கேட்கவில்லை. விழுது நாக்கிலிருந்து நகர்ந்து வலது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுத் துப்பினாள். எச்சில் மட்டும் வந்தது. விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. விரலை எடுத்தால் இருக்கிறது. அந்த மூச்சு இப்போது மிகப் பக்கத்தில் கேட்டது, தன் மூக்கிலிருந்துதான் வருகிறது என்று புரிந்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவுதானா. நானேதானா. இரண்டு விரலால் மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு அறையிலிருந்து.

போய்ப் பார்த்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. மேசை இன்றைக்குத்தான் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. வெள்ளை விரிப்பு, தட்டுகள், கண்ணாடிக் குவளைகள், நடுவில் மெழுகுவர்த்தி. கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் இப்போது மைலிஸின் நாற்காலி. அர்லெட் காலடி வைத்ததும் சத்தம் அடங்கியது. அறையில் யாரும் இல்லை. அந்த நாற்காலிக்கு முன்னால் மட்டும், இடது கைப் பக்கமாக, இஸ்திரி போட்ட விரிப்பு ஒரு கைப்பிடி அளவுக்குக் கொத்தாகக் கசங்கியிருந்தது. பிடித்துப் பிழிந்த மடிப்புகள். அர்லெட் உள்ளங்கையால் அதைத் தேய்த்துத் தேய்த்து நீவினாள். மடிப்பு போகவில்லை. தட்டை அதன் மேல் நகர்த்தி வைத்தாள்.

வாசலில் மணி அடித்தது. பக்கத்துப் பண்ணை ஊகெத்தும் அவள் கணவன் நோர்பேரும், மூடுபனியின் ஈரத்தோடும் புகையிலை நாற்றத்தோடும் உள்ளே வந்தார்கள். அர்லெட் அவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வழக்கத்தை விட நேரம் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு? சாப்பிட்டியா இல்லியா?" என்றாள் ஊகெத்.

"சமைக்கிறவ என்னிக்குச் சாப்பிட்டா?"

"அதெல்லாம் வுடு, விழுது எங்க?" என்றான் நோர்பேர். "அதுக்காகத்தான் நான் பல்லு கட்டிட்டு வந்தேன்."

"கட்டின பல்ல மறக்காம திரும்ப எடுத்துட்டுப் போ. போன தடவ மாதிரி எங்க வீட்டு ரொட்டியில உட்டுட்டுப் போவாத" என்று அர்லெட் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பில் மற்ற சத்தம் கேட்கவில்லை. இன்னும் பேசுங்கள், இன்னும் சிரியுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ரொட்டித் துண்டுகளை வாட்டினாள்.

மைலிஸ் வந்தாள். கோட்டைக் கழற்றி, நேராகத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அப்பாவின் மூக்கு. அர்லெட் வாட்டிய ரொட்டியில் விழுதைத் தடிப்பாகத் தடவி, மேலே துளி அத்திப்பழ ஜாம் வைத்து, தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுவந்தாள். குவளைகளில் இனிப்பு ஒயின் இறங்கியது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஃபிர்மேனுக்கு" என்று நோர்பேர் குவளையைத் தூக்கினான். பிறகு ரொட்டித் துண்டை முழுசாக வாய்க்குள் தள்ளினான். ஊகெத் கடித்தாள். மைலிஸ் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. நர்ஸம்மாவப் பாத்தேன், ஓஷ் ஊர்ச் சந்தையில."

"அப்படியா. நல்லா இருக்காளா?"

"கடைசியா அப்பாவக் குளிப்பாட்டினது அவங்கதானே. கன்னத்துல சாப்பாடு இருந்துச்சாம். நெறைய இருந்துச்சாம்." மைலிஸின் குரல் உயரவில்லை. "அவங்க யார்கிட்டயும் சொல்லல. எங்கிட்டயும் வாய் தவறித்தான் சொன்னாங்க. நீ தூக்கத்துல போனார்னுதானே சொன்னே? என்னம்மா நடந்துச்சு?"

இதுதான் அந்த நேரம். சொல்லிவிடலாம். அன்றைக்கு மறுநாள் சந்தை. கொட்டகையில் வாத்துகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அவன் மசியலைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். வருடினாள், இறங்கவில்லை. கோபம் வந்தது. இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள். வாய் காலியாகவில்லை என்று தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். இன்னொன்றும் கொடுத்தாள். நன்றாக இருந்த இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு வாத்துகளுக்கு ஊட்டப் போனாள். அங்கே ஒவ்வொரு கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைக்கூட விடாமல் தொட்டுப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் இந்த முகம் இனி இந்த வீட்டுக்கு வராது என்று நினைத்தாள்.

"அவரேதான் கேட்டாரு, கண்ணு" என்றாள். "நான் போதும்னேன். அவருதான், இன்னொரு வாய் குடு, இன்னொரு வாய் குடுன்னு..."

மைலிஸ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவால பேசவே முடியாதேம்மா."

அதில் கோபம்கூட இல்லை. கையிலிருந்த துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

ஊகெத்தாவது ஏதாவது சொல்வாள் என்று அர்லெட் காத்திருந்தாள். மெழுகுவர்த்தி எரிந்தது. அப்போது அந்த மூச்சு வந்தது. இந்த முறை மேசையிலிருந்தே.

நோர்பேரின் மூக்கு. அவன் கன்னம் புடைத்திருந்தது. தாடை அசையவில்லை. ஊகெத்தின் மூக்கு. ஒரு கடிதான் கடித்தாள், ஆனால் கன்னம் நிறைந்திருந்தது. மைலிஸின் மூக்கு. மூவரும் ஒன்றாக இழுத்தார்கள். ஒன்றாக விட்டார்கள். ஈரமாக. அவசரமில்லாமல். மூவர் கண்ணும் அவள் மேல்.

"வெளயாடாதீங்க" என்றாள் அர்லெட்.

மூச்சு.

"முழுங்குங்க. ஊகெத், முழுங்குடி."

மூன்று முகமும் மெல்ல நிமிர்ந்தன. மோவாய்கள் உயர்ந்தன. கழுத்துகள் நீண்டன. அவள் கைக்காக.

மைலிஸின் உதட்டோரம் நீலம் பூத்தது. கண்ணில் நீர் கட்டியது. அர்லெட் எழுந்து ஓடினாள், நாற்காலி சாய்ந்து விழுந்தது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். வாயைத் திறந்து விரலை விட்டு வழித்து எடுக்க வேண்டும். ஒரு நொடி வேலை. இடது கையை மகளின் கழுத்தடியில் வைத்தாள். தொட்டுப் பார்த்தாள்.

கெட்டியாக இருந்தது. நிறைய இருந்தது.

விட்டுவிட வேண்டும். இந்த வேளைக்கு விட்டுவிட வேண்டும்.

அவளுடைய இரண்டு விரல்கள் மேலிருந்து கீழாக வருட ஆரம்பித்தன. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. மைலிஸின் கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் இறுகின. பின்னால் இரண்டு மூக்குகள் பொறுமையாக மூச்சு விட்டன.

அர்லெட்டின் வலது கை அதற்குள் தட்டிலிருந்து அடுத்த துண்டை எடுத்துவிட்டிருந்தது.